ஷோபானும் ஃபிரான்ஷோமும் சேர்ந்து எழுதிய 'கிரான் டுவோ' யாருடைய படைப்பு?

நீங்கள் செல்லோவும் உங்கள் தங்கை பியானோவுமாக ஒரு சிறு நிகழ்ச்சியில் 'கிரான் டுவோ கொன்செர்த்தான்' என்ற இருவாத்தியப் படைப்பை (டுவோ) வாசிக்கப் போவதாகவும், அது உண்மையான ஷோபான் படைப்பு அல்ல என்று உங்கள் ஆசிரியர் சொன்னதாகவும், ஆனால் உங்களிடமுள்ள இசைத்தட்டின் உறையில் ஷோபான் பெயர் மட்டுமே இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நிகழ்ச்சித்தாளில் யார் பெயரைப் போடுவது என்பது உங்கள் கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. இருவர் சேர்ந்து ஒரு படைப்பை உண்டாக்கும்போது, இது இவருடையது, அது அவருடையது என்று பாகம் பிரிக்க முடியுமா? அப்படிப் பிரித்துப் புகழ்பெற்றவரின் பங்கு குறைவு என்று தெரிந்தால், அதைக் கற்பதற்குச் செலவிடும் மாதங்கள் வீண்தானா? இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செல்லோ வாசித்தும் கற்பித்தும் வருகிறேன். இந்த டுவோவை இரண்டு வெவ்வேறு பியானோ கலைஞர்களுடன் மேடையில் வாசித்திருக்கிறேன். பியானோ பகுதியைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அவர்களிடமிருந்து கற்றதும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதும்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியவற்றிலிருந்து தொடங்குகிறேன். 1831-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் போலந்து இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான ஷோபான் பாரிஸ் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு நவம்பர் 21 அன்று இசையமைப்பாளர் மேயர்பேரின் 'ரொபேர் லெ தியாபில்' என்ற ஐந்து அங்க ஓப்பரா பாரிஸ் ஓப்பராவில் அரங்கேறியது. நகரமே அதைப் பற்றிப் பேசியது. ஷோபானும் அந்த வியப்பிலிருந்து தப்பவில்லை. டிசம்பரில் தம் நண்பர் தித்துஸுக்கு எழுதிய கடிதத்தில் அதன் ஆடம்பரத்தை மிகவும் பாராட்டியிருக்கிறார். அந்த ஓப்பராவின் இசைப்பதிப்பு உரிமை மொரிஸ் ஷ்லேசிங்கர் என்ற பதிப்பாளரிடம் இருந்தது. ஓப்பராவின் பிரபல மெட்டுகளை வீட்டுக்கூடங்களில் வாசிக்கத்தக்க துண்டுகளாக மாற்றி விற்பது அன்றைய பாரிஸ் இசைப் பதிப்பாளர்களின் முக்கிய வருவாய். ஷ்லேசிங்கர் கேட்டதன் பேரில் 1832-இல் ஷோபானும், அவரைவிட இரண்டு வயது மூத்தவரான ஒகுஸ்த் ஃபிரான்ஷோம் என்ற செல்லோ கலைஞரும் சேர்ந்து இந்த டுவோவை எழுதினார்கள். 1833-இல் அது வெளிவந்தது. முதற்பதிப்பின் தலைப்புப் பக்கத்திலேயே இருவர் பெயரும் இருக்கின்றன. ஷோபானின் மாணவியான அடேல் ஃபோரே என்ற இளம்பெண்ணுக்கு அது அர்ப்பணிக்கப்பட்டது. ஓபஸ் எண், அதாவது வெளியான படைப்புகளுக்கு இடப்படும் வரிசை எண், கொடுக்கப்படவில்லை. உங்கள் ஆசிரியர் இதை உண்மையான ஷோபான் அல்ல என்று கருதுவதற்கு இந்த எண் இல்லாமையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஓபஸ் எண் என்பது பதிப்பு வணிகத்தின் வசதிக்காக ஏற்பட்டது; அது இல்லாததால் ஒரு படைப்பு ஒருவருடையது அல்ல என்று ஆகிவிடாது.

இப்படி இருவர் பெயரில் எழுதுவது அக்காலப் பாரிஸில் விந்தையான காரியமும் அல்ல. வயலின் கலைஞர் தெ பெரியோவும் பியானோ கலைஞர் ஆஸ்போர்னும் சேர்ந்து எழுதிய டுவோக்கள் முப்பதுக்கும் மேல் இருக்கின்றன. அந்த ஏற்பாட்டின் அடிப்படை எளியது. பியானோக்காரருக்கு வயலினோ செல்லோவோ கைவராது. வில் வாத்தியக்காரருக்குப் பியானோவில் விரல்கள் எப்படி விழும் என்று தெரியாது. ஆகவே இருவரும் ஓர் அறையில் உட்கார்ந்து, ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அவரவர் வாத்தியத்தின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள். டுவோவின் கையெழுத்துப் படியிலும் இதே பிரிவினை தெரிகிறது. அதில் பியானோ பகுதி ஷோபானின் கையெழுத்திலும், செல்லோ பகுதி ஃபிரான்ஷோமின் கையெழுத்திலும் இருக்கின்றன. 'பியானோவை ஷோபான் எழுதினார், செல்லோவை ஃபிரான்ஷோம் எழுதினார்' என்று பல நிகழ்ச்சிக் குறிப்புகள் ஒரே வரியில் முடித்துவிடுவது இதை வைத்துத்தான்.

இந்த இடத்தில்தான் உறுதியும் ஐயமும் பிரிகின்றன. கையெழுத்து, மையைத் தொட்டு எழுதியவர் யார் என்று சொல்லும். அந்த எண்ணம் யாருக்கு முதலில் தோன்றியது என்று சொல்லாது. எந்த மெட்டை எந்த மெட்டுக்குப் பின் வைப்பது, எங்கே சுருதி நிலையை மாற்றுவது, எப்போது செல்லோ மெட்டைப் பிடிப்பது, எப்போது அதை விட்டுக்கொடுத்துப் பின்னணிக்குப் போவது என்ற முடிவுகளெல்லாம் இரண்டு வாத்தியங்களுக்கும் பொதுவானவை. அவை இந்தக் கோட்டில் இருக்கின்றன, அந்தக் கோட்டில் இல்லை என்று காட்ட முடியாது. வாசிக்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. என் பகுதியை மட்டும் தனியே எடுத்து வாசித்தால், பாதி வாக்கியங்களாகத்தான் ஒலிக்கிறது. என் மௌனங்களுக்கான காரணம் பியானோவின் தாளில் இருக்கிறது. ஒருவர் தம் பகுதியை எழுதி முடித்து மற்றவரிடம் கொடுத்திருந்தால் அந்த மௌனங்கள் இவ்வளவு பொருத்தமான இடங்களில் விழுந்திருக்காது என்பது என் எண்ணம். இதை ஆவணச் சான்றாக அல்ல, வாசித்தவனின் அனுபவமாக மட்டுமே சொல்கிறேன்.

எதிர்த்தரப்பில் பெரிய சாட்சியாக நிற்பவர் ஜெர்மன் இசையமைப்பாளரும் விமர்சகருமான ஷூமான். 1836-இல் தம் பத்திரிகையில் இந்த டுவோவைப் பற்றி எழுதியபோது, முழுவதையும் ஷோபானே திட்டமிட்டிருப்பார் போலிருக்கிறது, ஃபிரான்ஷோம் எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டியிருப்பார் என்ற பொருள்படச் சொன்னார். ஷோபான் தொட்டது அவருடைய உருவத்தையே ஏற்கும் என்பது அவர் வாதம். அந்தக் கருத்தை மதிக்கிறேன். ஷோபானின் மேதைமையை முதலில் கண்டுகொண்டு எழுதியவர்களில் ஷூமான் ஒருவர். ஆனால் அவர் லைப்சிக்கில் இருந்துகொண்டு, அச்சிட்ட தாளைப் பார்த்து ஊகித்தார். அந்த அறையில் அவர் இல்லை. மேயர்பேரின் இசையின் மேல் அவருக்கிருந்த வெறுப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டே மேயர்பேரின் 'லெ யூக்னோ' ஓப்பராவை அவர் மிகக் கடுமையாகத் தாக்கி எழுதினார். தாம் விரும்பாத மெட்டுகளிலிருந்து தாம் விரும்பும் ஒருவர் எழுதியதில் நல்லதைக் கண்டால், அந்த நல்லது முழுவதையும் அவர் கணக்கிலேயே வரவு வைப்பது மனித இயல்புதான். இந்த ஊகம் பின்னால் பலர் எழுத்தில் தீர்ப்பைப் போல மாறிவிட்டது. உங்கள் இசைத்தட்டின் உறையில் ஒரே பெயர் இருப்பதற்கும் இந்தப் பழக்கமே வேர் என்று நினைக்கிறேன்.

ஷூமானின் ஊகத்தைச் சோதிக்க நம்மிடம் ஓர் அருமையான வழி இருக்கிறது. ஷோபான் செல்லோவுக்கும் பியானோவுக்குமாக எழுதி வெளியிட்ட படைப்புகள் மொத்தமே மூன்று. முதலாவது, ஃபிரான்ஷோமைச் சந்திப்பதற்கு முன் எழுதிய 'அறிமுகமும் பொலொனேஸும்', ஓபஸ் 3. பத்தொன்பது வயதில், அந்தோனின் என்ற ஊரில், செல்லோ வாசிக்கும் இளவரசர் ராட்ஸிவில்லுக்கும் பியானோ கற்றுக்கொண்டிருந்த அவர் மகளுக்குமாகப் பொலொனேஸை, அதாவது போலந்து நடன வடிவில் அமைந்த பகுதியை, எழுதினார். அறிமுகப் பகுதியைப் பிறகு சேர்த்தார். பெண்கள் கூடும் வீட்டுக்கூடத்துக்கான பளபளப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று தம் நண்பருக்கு அவரே எழுதினார். இரண்டாவது, இந்த டுவோ. மூன்றாவது, 1846-இல் முடித்து 1847-இல் வெளியிட்ட ஜி மைனர் சொனாட்டா, ஓபஸ் 65; அது ஃபிரான்ஷோமுக்கே அர்ப்பணிக்கப்பட்டது. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். ஓபஸ் 3-இல் ஓட்டமும் சுழலும் மின்னலும் பியானோவிடம் இருக்கின்றன. செல்லோ இடையிடையே பாடுகிறது, பிறகு ஒதுங்கி நிற்கிறது. அதனால்தான் பின்னாளில் செல்லோ கலைஞர்கள் பலர் தங்கள் பகுதியைக் கூட்டியும் மாற்றியும் வாசித்தார்கள். ஃபிரான்ஷோமே அப்படி ஒரு வடிவம் செய்திருக்கிறார். டுவோவுக்கு வந்தால் நிலை வேறு. அதிலும் பியானோதான் தொடங்குகிறது, செல்லோவைச் சற்று நேரம் காக்க வைக்கிறது. ஆனால் செல்லோ நுழைந்த பிறகு அது விருந்தாளியாக இருப்பதில்லை. மெட்டு அதனிடம் வரும்போது, ஏ தந்தியின் நடுப்பகுதியில், ஆணின் மேல்ஸ்தாயிக் குரலை ஒத்து ஒலிக்கும் இடத்தில் வருகிறது. வேகமான பகுதிகளில் விரல்கள் கழுத்தின் மேல் இயல்பாக நகரும் வரிசையில் சுரங்கள் அமைந்திருக்கின்றன. தந்தி மாற்றும் இடமும் வில் திரும்பும் இடமும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. செல்லோவைத் தினமும் கையில் எடுக்காத ஒருவர், எவ்வளவு பெரிய மேதையானாலும், இந்த வசதியைக் கற்பனையால் மட்டும் அடைவது கடினம். இருபது வயது ஷோபானால் அது முடியவில்லை என்பதற்கு ஓபஸ் 3 சான்று. ஆகவே, ஃபிரான்ஷோம் தலையாட்டிக்கொண்டிருந்தவர் என்ற பேச்சை என் விரல்கள் ஏற்க மறுக்கின்றன.

ஃபிரான்ஷோமைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். செல்லோ மாணவர்கள் அவருடைய ஓபஸ் 7 கப்ரீஸ்கள் என்ற சிறு துண்டுகளை வாசித்திருந்தும் அவர் யார் என்று அறியாமல் இருப்பது எனக்கு நெடுநாள் வருத்தம். 1808-இல் லீல் நகரில் பிறந்தவர். பாரிஸ் கன்சர்வத்துவார் என்ற இசைக்கல்லூரியில் கற்று, முதல் பரிசு பெற்று, 1846 முதல் அங்கேயே பேராசிரியராக இருந்தார். அழுத்தி இழுக்காத, சுத்தமான, அளவான வில்வீச்சு அவருடைய அடையாளம் என்று அவரைக் கேட்டவர்கள் எழுதினார்கள். இன்று 'தூபோர்' என்று அழைக்கப்படும் 1711-ஆம் ஆண்டு ஸ்த்ராதிவாரி செல்லோவை 1843-இல் அக்காலத்துக்குப் பெருந்தொகை கொடுத்து வாங்கினார். அதே செல்லோ பிற்காலத்தில் புகழ்பெற்ற செல்லோ கலைஞர் ரோஸ்த்ரோபோவிச்சின் கையில் இருந்தது. டுவோவைப் பற்றிப் பேசும் சிலர் அந்தப் புகழ்பெற்ற செல்லோவின் ஒலியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்கிறார்கள். ஆண்டுகளைப் பார்த்தாலே அது பொருந்தாது என்று தெரியும். ஷோபானுக்கு அவர் வெறும் சக கலைஞர் அல்லர். கையெழுத்துப் படிகளைப் பிரதி எடுத்துக் கொடுத்தார். பதிப்பாளர்களிடமும் பண விவகாரங்களிலும் துணை நின்றார். 1848 பிப்ரவரி 16 அன்று பிளெயெல் அரங்கில் ஷோபான் பாரிஸில் கடைசியாக வாசித்த கச்சேரியில், சொனாட்டாவின் கடைசி மூன்று பகுதிகளை அவருடன் வாசித்தவர் ஃபிரான்ஷோம்தான். அந்தச் சொனாட்டாவுக்காக ஷோபான் ஏறத்தாழ 200 பக்கங்கள் வரைவுகள் எழுதினார்; ஒரு நாள் பிடிக்கிறது, மறுநாள் மூலையில் எறிகிறேன், பிறகு திரும்ப எடுக்கிறேன் என்று வீட்டாருக்கு எழுதினார். அதன் மெதுவான மூன்றாம் பகுதியான லார்கோ வெறும் 27 தாள அளவைகள்தான். அதற்குள் இரண்டு வாத்தியங்களும் ஒரே மெட்டைக் கைமாற்றிக்கொள்ளும் விதத்தைக் கேட்டால், யார் யாருக்குத் துணை என்று சொல்ல முடியாது. அந்தச் சமநிலையின் முதல் பயிற்சி 1832-இல், ஒரு பதிப்பாளர் கேட்ட சாதாரண வேலையில் நடந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். டுவோவைக் கற்பது வீணா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

இதைச் சொல்லும்போதே அதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. இது சொனாட்டாவின் ஆழம் கொண்டதல்ல. ஏறத்தாழ 13 நிமிடம் ஓடும் இந்தப் படைப்பில், மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவே பாலம் போடுவதற்காகவே எழுதப்பட்ட பக்கங்கள் இருக்கின்றன. அங்கே பியானோவின் அலங்கார ஓட்டங்கள் செய்தி எதுவும் சொல்லாமல் நேரத்தை நிரப்புகின்றன. முடிவும் கைதட்டலை எதிர்பார்த்து எழுதப்பட்ட முடிவுதான். ஆனாலும் மெட்டுகளைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நல்ல ரசனை தெரிகிறது. அந்த ஓப்பராவில் பார்வையாளர்களை மிகவும் கவர்ந்தது மூன்றாம் அங்கத்தில் இறந்துபோன கன்னித்துறவிகள் கல்லறையிலிருந்து எழுந்து ஆடும் காட்சி. பின்னாளில் ஓவியர் தெகா அதை வரைந்தார். பியானோ மேதை லிஸ்ட் 1841-இல் இதே ஓப்பராவை வைத்துப் பியானோவுக்கு எழுதியபோது, அந்த அங்கத்தின் பிசாசு வால்ஸைத்தான் மையமாக எடுத்தார். ஷோபானும் ஃபிரான்ஷோமும் அந்தப் பக்கம் போகவே இல்லை. முதல் அங்கத்தின் பாடல்களிலிருந்தும் ஐந்தாம் அங்கத்தின் மூவர் பாடலிலிருந்தும் பாடுவதற்கு ஏற்ற வரிகளை எடுத்துக்கொண்டார்கள். செல்லோ பாட வேண்டும் என்ற எண்ணம் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது என்பதை இது காட்டுவதாக நான் படித்துக்கொள்கிறேன்.

வாசிப்பில் உங்களுக்கு வரப்போகும் முதல் தொல்லை ஒலியளவு. நான் முதன்முறை ஒத்திகை பார்த்தபோது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நண்பர், பியானோ மட்டும்தான் கேட்டது என்றார். வில்லை இன்னும் அழுத்தினேன். ஒலி கரகரத்ததே தவிரக் கூடவில்லை. தவறு என்னிடமும் இல்லை, பியானோ வாசித்தவரிடமும் இல்லை. ஷோபான் விரும்பிய, பிளெயெல் நிறுவனம் செய்த அக்காலப் பியானோ இன்றைய பெரிய கச்சேரிப் பியானோவைவிட மிகவும் மெல்லிய ஒலி உடையது. தாழ்ந்த சுரங்கள் தெளிவாக, விரைவில் அடங்கிவிடும். ஃபிரான்ஷோமின் செல்லோவிலோ மேல் தந்திகள் இரண்டும் வெறும் குடல் தந்திகள். கீழ் இரண்டில் உலோகக் கம்பி சுற்றியிருக்கும். தரையில் ஊன்றும் கம்பி பரவலாக வழக்கத்துக்கு வராத காலம். கெண்டைக்கால்களுக்கு நடுவே தூக்கிப் பிடித்துத்தான் வாசித்தார்கள். அந்த இரண்டு ஒலிகளுக்கும் நடுவே எழுதப்பட்ட சமன்பாடு, இன்றைய வாத்தியங்களில் பியானோ பக்கம் சாய்ந்துவிடுகிறது. பின்னொரு முறை, பழுதுபார்த்து வைத்திருந்த ஒரு பழைய பியானோவுடன் இதை வாசிக்கும் வாய்ப்பு கிடைத்தபோது, நான் எந்த முயற்சியும் செய்யாமலே கேட்கப்பட்டேன். இன்றைய பியானோவில் மூடியை முழுதாகத் திறக்காதீர்கள். உங்கள் தங்கையிடம் இடது கையின் தாழ்ந்த சுரங்களை இலேசாகத் தொடச் சொல்லுங்கள். பெடலைத் தாளில் உள்ளதைவிடச் சீக்கிரம் விடச் சொல்லுங்கள். செல்லோ மெட்டு எடுக்கும் ஒவ்வோர் இடத்திலும், வாய்விட்டுப் பாடினால் எங்கே மூச்செடுப்பீர்களோ அங்கே வில்லைத் திருப்புங்கள். இவை ஓப்பராப் பாடகர்களின் வரிகள். அவற்றுக்கு மூச்சு வேண்டும்.

இன்னொன்று, உங்கள் தங்கைக்காக. செல்லோக்காரர் அண்ணன் என்பதால் பியானோ துணை வாத்தியம் என்று யாராவது சொன்னால் அவர் ஏற்க வேண்டியதில்லை. அக்காலத் தலைப்புப் பக்கங்களில் பியானோவின் பெயர் முதலிலும் செல்லோவின் பெயர் அடுத்தும் வருவது வழக்கம். இந்த டுவோவும் அப்படித்தான் அச்சாயிற்று. பியானோவின் பகுதி மிகக் கடினமானது. ஒத்திகை நாட்களை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். அவருக்கு உங்களைவிட இரண்டு மடங்கு நேரம் தேவைப்படும் என்று என்னுடன் வாசித்த இருவருமே சொல்லியிருக்கிறார்கள்.

நிகழ்ச்சித்தாளில் முதற்பதிப்பில் உள்ளபடி இருவர் பெயரையும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் போடுங்கள்: 'ஃபிரெதெரிக் ஷோபான், ஒகுஸ்த் ஃபிரான்ஷோம்: மேயர்பேரின் ரொபேர் லெ தியாபில் ஓப்பரா மெட்டுகளின் மேல் கிரான் டுவோ கொன்செர்த்தான், ஈ மேஜர், 1832'. மேயர்பேரின் பெயரை விட்டுவிடாதீர்கள், மெட்டுகள் அவருடையவை. இடம் இருந்தால், அதே நிகழ்ச்சியில் சொனாட்டாவின் லார்கோவை டுவோவுக்குப் பின் வையுங்கள். மூன்றரை, நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகாது; கேட்பவர்களுக்கு நீங்கள் எதையும் விளக்க வேண்டியிராது.